வலை கேட்ட சம்மாட்டி: வயித்தைப் பிரட்டுற மொன்ஸ்டர் ஒண்டு வேணும், ஐடியா தாங்கோ

உப்புவெளி_டிஎம்

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருகோணமலையில ஒரு சின்னக் குறூப், ஞாயிறு பின்னேரத்தில பிரெண்ட் ஒருத்தன்ர வீட்டு விறாந்தையில இருந்து டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், டைஸ் உருட்டிக் கதையா விளையாடுற கேம்) விளையாடுறம், கதையை நடத்துற ஆள், அதாவது டிஎம், நான், 2014 ரூல்ஸ்தான், புதுசுக்கு மாறேல்ல. நாலு பேர், எல்லாரும் லெவல் 5, பைட்டர் (சண்டைக்காரன்), கிளெரிக் (பூசாரி), விசார்ட் (மந்திரவாதி), ரோக் (களவன்). கதை முழுக்கத் தமிழ்லதான் போகும், ஸ்பெல் (மந்திரம்) பேரும் டைஸ் கணக்கும் மட்டும் இங்கிலிஷ்.

கதை நடக்கிறது ஒரு துறைமுகப் பட்டினத்தில. பேர்தான் வேற, ஊர் எங்கட ஊர்தான், சுத்திவர மலை, உள்ளுக்க ஆழமான ஹாபர், மற்றப் பக்கம் திறந்த கடல். அங்க ஒரு சம்மாட்டி, கரைவலைக்காரன். மீன்பாடு இல்ல, கடன் கழுத்துக்கு வந்திட்டுது, வலை இழுக்கிற ஆக்களும் விட்டிட்டுப் போயிட்டினம். அவன் போய் ஒரு மந்திரக்காரியிட்ட "என்ர வலை இனி ஒருநாளும் வெறுமையா வரக்கூடாது" எண்டு கேக்கிறான், அவள் ஓம் எண்டிட்டாள். அடுத்தநாள் விடிய ஆளைக் காணேல்ல, கரையில இருக்கிற அவன்ர வாடிக்குள்ள, அந்தக் குடிசைக்குள்ள, இருந்து ஏதோ சத்தம் மட்டும் வருது. பார்ட்டி அந்த வாடிக்குப் போற செஷன் வாற கிழமை.

இப்ப மொன்ஸ்டர். நான் கீறி வச்சிருக்கிறது இப்பிடி: தலை கணவாய், வாயைச் சுத்திக் கைகள், முதுகில நண்டு ஓடு, ஒரு கை நண்டுக் கால், மற்றது திருக்கை முள்ளு, இடுப்புக்குக் கீழ முதலை வால், கோட்டைக்குள்ள திரியிற புள்ளிமானுக்கு இருக்கிற கொம்பும் ரெண்டு வச்சன் ஏனெண்டா வடிவா இருந்தது, நெஞ்சில இன்னொரு வாய், உடம்பு முழுக்கக் கண், விஷமும் துப்பும். மந்திரத்தால மாறின ஆள்தானே, என்னவும் வரலாம் எண்டு நினைச்சன். தங்கச்சி படத்தைப் பாத்திட்டு "இது ஹோட்டல்ல வாற சீஃபூட் பிளேட்டர்தானே அண்ணா" எண்டு கேட்டாள். அதுக்குப் பிறகு எனக்கே அது அப்பிடித்தான் தெரியுது.

எனக்கு வேண்டியது, பெடியள் பாத்த உடன அருவருக்கோணும், கொஞ்சம் பயப்பிடோணும், கடைசியில பாவம் எண்டும் நினைக்கோணும். சேலஞ்ச் ரேட்டிங் (எதிரி எவ்வளவு பலம் எண்ட எண்) எவ்வளவு வைக்கலாம், எதை வெட்டலாம், எதை விடலாம்? ஸ்டாட் புளொக் (மொன்ஸ்டரின்ர கணக்குப் பட்டியல்) எழுதிப் பழக்கம் குறைவு, கணக்கில உதவினாலும் சந்தோசம்.


பழையடைஸ்

தம்பி, கதை நல்லாயிருக்கு, உடம்புதான் பிழை. முதல்ல அந்த மான் கொம்பைக் கழட்டு. சம்மாட்டி கேட்டது வலை, அதில மான் எங்கயிருந்து வந்தது?

"மந்திரத்தால என்னவும் வரலாம்" எண்டது இந்த விளையாட்டில பழைய நோய். அவுல்பேர் இருக்கெல்லே, ஆந்தைத் தலையும் கரடி உடம்பும், 1975ல வந்தது. அது உண்மையில ஹொங்கொங்கில செய்த மலிவு பிளாஸ்டிக் பொம்மையைப் பாத்து, இந்த விளையாட்டை உருவாக்கின ஆக்களில ஒருத்தர் கேரி கைகெக்ஸ் உருவாக்கினது, ரஸ்ட் மொன்ஸ்டர், புலெட் எண்ட மற்ற மொன்ஸ்டர்களும் அதே பொம்மைப் பையில இருந்து வந்ததுகள்தான். கையில பொம்மை கிடக்கு, விளையாட்டில போடோணும், சரி ஒரு மந்திரவாதி ரெண்டு மிருகத்தை ஒட்டினான் எண்டு சொல்லிவிட்டாச் சரி. அவுல்பேர் எனக்கும் பிடிக்கும், அதில பிழை சொல்லேல்ல. ஆனா அதைப் பாத்து ஆரும் வயித்தைப் பிடிச்சதில்ல, ஏனெண்டா அது ரெண்டு முழுமிருகம், ரெண்டும் சுகமா இருக்கு. அருவருப்பு வாறது மனுசன் இன்னும் உள்ளுக்க இருக்கிறான் எண்டு தெரியேக்க.

நம்மட கதையிலயே இருக்கு, இராமாயணத்துக் கவந்தன். கந்தர்வன், நல்ல அழகன். இந்திரன் வச்சிரத்தால அடிக்க தலையும் தொடையும் உடம்புக்குள்ள போயிடுது. இனி எப்பிடிச் சாப்பிடுறது எண்டு அவன் கேக்கிறான், அதுக்காகத்தான் வயித்தில வாயும் யோசனை எண்ட பழைய அளவுத் தூரத்துக்கு நீளுற கையும் வருது. பார், ஒண்டும் சும்மா வரேல்ல, ஒரு கோணலுக்கு மறுமொழியா அடுத்த கோணல். கால் இல்லாதவன் வேட்டைக்குப் போகேலாது, அதால கை நீளுது. இராமனும் இலக்குவனும் அந்தக் கையைத்தான் வெட்டுகினம், தலையை வெட்டேலாது, தலையே வெளியில இல்ல. பிறகு உடம்பை எரிக்க பழைய வடிவம் வருது, சுக்கிரீவனிட்டப் போகச் சொல்லி வழியும் காட்டுறான். மொன்ஸ்டர் டிசைனுக்கு இதைவிடப் பாடம் வேணுமோ? உடம்பே சண்டைக்கு வழி சொல்லுது, செத்தாப் பிறகு கதைக்கும் வழி சொல்லுது.

அதால உன்ர சம்மாட்டிக்கு ஒரே ஒரு கேள்வி கேள். வலை வெறுமையா வரக்கூடாது எண்டா, வலை எங்க போச்சு? நான் எண்டா அது அவனுக்குள்ள போச்சு எண்டு வைப்பன்.


உப்புவெளி_டிஎம்

அண்ணா, கடைசி வரியை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்திட்டன். வலை உள்ளுக்க போனா பிறகு வெளிய எப்பிடி வரும்?


பழையடைஸ்

கடலட்டையை யோசி. சில சாதிக் கடலட்டை, கரைச்சல் குடுத்தா தன்ர குடலையே வெளிய தள்ளிவிடும், வேற சில சாதி பசை மாதிரி ஒட்டுற வெள்ளை நூலைப் பின்பக்கத்தால அடிக்கும், நண்டு வந்தா அந்த நூலுக்குள்ள சிக்கி நிக்கும். குடல் போனாலும் சாகாது, திரும்ப வளரும். இதெல்லாம் நான் கட்டின கதை இல்ல, கடலுக்க நடக்கிறது. உன்ர ஆள் வாயைத் திறந்து தன்ர குடலை வலையா வீசுறான், இழுக்கிறான், விழுங்குறான். கணவாயும் வேண்டாம் முதலையும் வேண்டாம்.


கிண்ணியா_ரேஞ்சர்

எங்கட வாப்பா காலத்தில இருந்து கரைவலைதான், அதால ஒண்டு ரெண்டு சொல்றன் தம்பி. கரைவலையில பெரிய விஷயம் மடி. ரெண்டு பக்கக் கயித்தையும் ஆக்கள் கரையில நிண்டு இழுக்க, கடைசியா கரைக்கு வாறது அந்த மடிதான், அதுக்குள்ளதான் எல்லாம் நெரிஞ்சு கிடக்கும். கிட்ட நிண்டு பாத்தா தெரியும், நடுவில அம்பிட்ட மீன்ட கண்ணெல்லாம் வெளிய தள்ளியிருக்கும், சூடையும் நெத்தலியும் ஒண்டோட ஒண்டு உரசி செதிள் கழண்டு மணலெல்லாம் வெள்ளி, நடுவில சொறி (ஜெலிமீன்) உடைஞ்சு கொழகொழ எண்டு ஒழுகும், எல்லாம் ஒண்டாத் துடிக்கேக்க ஒரு சத்தம் வரும், மழை தகரத்தில விழத் தொடங்கிற நேரத்துச் சத்தம். வாடிக்குள்ள இருந்து சத்தம் கேக்குது எண்டீங்களே, அதை இதாக்குங்க. ஆள் நிக்கிறான், முதுகு காட்டிக்கொண்டு, சட்டையும் கிடக்கு, ஆனா வயித்துக்குள்ள இருந்து அந்தத் துடிக்கிற சத்தம்.

இன்னொண்டு. கயிறு இழுக்கிற ஆக்கள் இல்லாம கரைவலை இல்ல. ரெண்டு பக்கமும் ஆள் வேணும், ஒரு பக்கம் விட்டா வலை கோணிப் போகும், மீனெல்லாம் போயிரும். உங்கட சம்மாட்டிய ஆக்கள் விட்டிட்டுப் போனாங்க எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்க. அவன் அந்த ஆக்களத் தேடி இருப்பானா இல்லையா?


சும்மா_ரோக்

மச்சான் இது நீயா?? விறாந்தை, நாலு பேர், தங்கச்சி... நான் உன்ர ரோக்டா


உப்புவெளி_டிஎம்

டேய் வெளிய போ. இதுக்கு மேல வாசிச்சா உன்ர ஆளைத்தான் முதல்ல விழுங்கும், சொல்லிட்டன்.


கணக்குச்சட்டம்பி

எல்லாரும் குடலைப் பத்திக் கதைக்கிறீங்கள், ஆரும் கணக்கைப் பாக்கேல்ல. நான் சொல்லுறன்.

முதல்ல ரோப்பர் எண்டு ஒரு மொன்ஸ்டர் இருக்கு, குகைக்குள்ள கல்லுப்போல நிண்டு நூல் எறிஞ்சு ஆளை இழுக்கிறது, சேலஞ்ச் ரேட்டிங் 5. உமக்கு வேண்டிய இயந்திரம் முழுக்க அதுக்குள்ள இருக்கு. நூல் பட்டா பிடிபடும், அதே ஆக்ஷனில 25 அடி வரைக்கும் தன்ர பக்கம் இழுக்கும், நூலைத் தனியா வெட்டலாம், நூலை வெட்டினா அதின்ர உடம்புக்கு டமேஜ் இல்ல. அதை எடுத்துப் பேரை மாத்தி ஆர்மர் கிளாஸை (அடி படுறதுக்கு உருட்ட வேண்டிய எண்) குறையும், ரோப்பருக்கு 20, உம்மட பெடியளுக்கு அது எரிச்சல்தான் வரும். 2023 ஜனவரியில எஸ்ஆர்டி 5.1ஐ (ரூல்ஸின்ர இலவசத் தொகுப்பு) கிரியேட்டிவ் கொமன்ஸில, ஆரும் பாவிக்கலாம் எண்ட லைசென்ஸில, விட்டவை, பிடிஎஃப் சும்மா இறக்கலாம், ரோப்பர், ட்ரோல், அவுல்பேர் எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. புத்தகம் கொழும்பில இருந்து எடுப்பிக்கத் தேவையில்ல.

2014 டேபிள்படி ரேட்டிங் 5க்கு ஆர்மர் கிளாஸ் 15, ஹிட் பொயின்ட் (உயிர்க் கணக்கு) 131 தொடக்கம் 145, ஒரு ரவுண்டுக்கு டமேஜ் 33 தொடக்கம் 38, அடிக்கிறதுக்கு +6, சேவ் டிசி (தப்ப உருட்ட வேண்டிய எண்) 15. ஆனா எல்லாத்தையும் அந்த வரியில நிப்பாட்டத் தேவையில்ல, தற்காப்பைத் தனியா, தாக்குதலைத் தனியா பாத்து ரெண்டையும் சராசரி எடுக்கிறதுதான் முறை. லார்ஜ் சைஸுக்கு டி10, பத்துப் பக்க டைஸ், அதால 12டி10+48 போடும், பன்னிரண்டு டைஸ் உருட்டி 48 கூட்டிறது, சராசரி 114 வரும். 114 எண்டது ரேட்டிங் 3 வரி, அந்த வரிக்கு ஆர்மர் கிளாஸ் 13தான், உமக்கு 15 எண்டா ரெண்டு கூட, அதால ஒரு படி ஏத்தி 4. தாக்குதல் பக்கம் ரெண்டு அடி, ஒவ்வொண்டும் 2டி8+4, சராசரி 13, ரெண்டும் 26, உள்ளுக்க விழுங்கின ஆளுக்கு அசிட் 3டி6, அது 10, மொத்தம் 36, அது 5. நாலும் அஞ்சும் சேத்து சராசரி எடுத்து மேல தள்ளினா 5. ஸ்ட்ரெந்த் 18 வச்சா அடி +7, டிசி 15, எல்லாம் சரியா இருக்கும்.

இனி முக்கியமான விசயம். ரேட்டிங் 5 எண்டா 1800 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி). லெவல் 5 ஆக்கள் நாலு பேருக்கு சண்டையின்ர கடினம் மீடியம் 2000, ஹார்ட் 3000, டெட்லி 4400. தனி ஆளா விட்டா மீடியத்துக்கும் கீழ, அதோட நாலு பேருக்கு நாலு டேர்ன் வர அதுக்கு ஒண்டுதான் வரும். விசார்ட் ஒரு பயர்போல் (நெருப்புக் குண்டு ஸ்பெல்) போட்டா 28 போயிடும், பைட்டர் ரவுண்டுக்கு ரெண்டு தரம் வெட்டுவான், மூண்டு ரவுண்டில கதை முடிஞ்சுது, நீர் அந்தக் குடலை விவரிச்சு முடிக்கவும் மாட்டீர். உதவிக்குச் சின்னதுகள் வேணும். ரேட்டிங் கால் (1/4) உள்ளதுகள் நாலு எண்டா 200 எக்ஸ்பி, சேத்து 2000, அஞ்சு எதிரி எண்டபடியா இரண்டால பெருக்கி 4000, ஹார்டுக்கு மேல டெட்லிக்குக் கீழ. ரொம்பப் பலவீனமானதுகளை அந்தப் பெருக்கலுக்கு எண்ண வேண்டாம் எண்டும் ரூல்ஸில ஒரு வரி இருக்கு, அதால உண்மை ரெண்டுக்கும் நடுவில எங்கயோ இருக்கும். இடம் ஒடுக்கமா இருந்தா கூடும், வெளியா இருந்தா குறையும்.

கடைசியா ஒண்டு, உம்மட பார்ட்டியில கிளெரிக் இருக்கு. லெவல் 5 கிளெரிக்குக்கு மூண்டாம் லெவல் ஸ்லொட் (அந்த லெவல் ஸ்பெல் போடுற வாய்ப்பு) உண்டு, சாபம் எடுக்கிற ரிமூவ் கர்ஸ் மூண்டாம் லெவல். தொட்டா அந்த ஆளில உள்ள சாபம் எல்லாம் போகும், சேவும் இல்ல டைஸும் இல்ல. சம்மாட்டிக்கு நடந்தது சாபம் எண்டு நீர் வாய்விட்டுச் சொன்னா முதல் ரவுண்டிலயே ஒரு விரலால முடிச்சிடுவினம். அது ட்ரூ பொலிமோர்ஃப் (உருமாத்துற ஸ்பெல்) எண்டா ஒன்பதாம் லெவல், மந்திரம் கலைக்கிற டிஸ்பெல் மஜிக் போட டிசி 19, லெவல் 5 ஆளுக்கு பத்துத் தரம் உருட்டினா மூண்டு தரம் வரும். எதுவெண்டு இப்பவே முடிவெடும், மேசையில வச்சு முடிவெடுத்தா பெடியள் விடமாட்டாங்கள்.


மூதூர்_ட்ரூயிட்

எல்லாரும் அவனைப் பாவமாக்கிறதில நிக்கிறீங்க. எனக்கு இந்த "உள்ளுக்க நல்லவன்" கதை அலுத்துப் போச்சு. பெடியள் வேலை முடிச்சுப்போட்டு ஞாயிறு வாறது டைஸ் உருட்ட. மந்திரக்காரி ஆர், ஏன் செய்தாள், சம்மாட்டிக்கு எத்தினை பிள்ளை, இதெல்லாம் ஒருத்தனும் கேக்க மாட்டான். விளக்கம் குடுக்கக் குடுக்கப் பயம் குறையும். வாடிக்குள்ள ஒண்டு கிடக்கு, அது ஆளை விழுங்குது, போதும்.


பழையடைஸ்

விளக்கம் வேண்டாம் எண்டதில நானும் நீயும் ஒண்டுதான், வாயால சொல்லத் தேவையில்ல. ஆனா டிஎம்முக்குத் தெரிஞ்சிருக்கோணும். தெரியாட்டி அந்த உடம்பு என்ன செய்யும் எண்டு அவனுக்கே தெரியாது, ரெண்டாவது ரவுண்டில விஷம் துப்பும், மூண்டாவதில பறக்கும்.


நிலாவெளி_பார்ட்

நான் ரெண்டு விசயம் சொல்லுறன்.

ஒண்டு, குடல். எல்லாருக்கும் ஒத்துவராது. என்ர மேசையில ஒரு தங்கச்சி நேர்ஸ், அவவுக்குப் பிரச்சினையே இல்ல, இன்னொரு பெடியன் ஆட்டிறைச்சி வெட்டுறதைக்கூடப் பாக்க மாட்டான். முதல்லயே ஒரு மெசேஜ் போட்டுக் கேளுங்கோ, உடம்பு வெளிய வாற விவரணம், விழுங்கிறது, மூச்சு முட்டுறது இதெல்லாம் ஓகேயா எண்டு. எதைக் காட்டப்போறம் எண்டு சொல்லத் தேவையில்ல. இன்னொண்டு, அருவருப்பு எண்டு சொல்லி உண்மையா ஆக்களுக்கு வாற வருத்தத்தையோ ஊனத்தையோ மொன்ஸ்டருக்குப் போடாதேங்கோ, கூனல், தோல் வருத்தம், கை கால் இல்லாதது, அதுகள் ஆற்றயோ வீட்டில இருக்கு. குடல் வலையா வாற வருத்தம் ஒருத்தருக்கும் இல்ல, அதால நீங்கள் போற பாதை நல்லது.

ரெண்டாவது, இடம். வாடி சின்னன், தடியும் கிடுகும், பயர்போல் போட்டா அதோட சரி. முதல்ல வாடியில தொடங்கி அவன் ஓட, பின்னால போய்ச் சண்டை வேற இடத்தில முடியலாம். நான் எண்டா சீனக்குடா எண்ணெய்த் தாங்கியை எடுப்பன். காட்டுக்குள்ள பெரிய பெரிய இரும்பு உருளை, கிட்டத்தட்ட நூறு எண்டு எல்லாருக்கும் தெரியும், வெள்ளைக்காரன் கட்டினது, 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்துச் சாமான். உங்கட உலகத்தில எண்ணெய் இல்லாட்டி ஏதோ பழைய ராச்சியம் தண்ணி சேக்கக் கட்டின இரும்புத் தொட்டி எண்டு வையுங்கோ. உள்ளுக்க வட்டம், மூலை எண்டு ஒண்டு இல்ல, ரோக் ஒளிக்க இடமில்ல, ஆர் எங்கயிருந்து கதைச்சாலும் சத்தம் சுத்திச் சுத்தி வரும். கிண்ணியா நானா சொன்ன அந்தத் துடிக்கிற சத்தத்தை அதுக்குள்ள நினைச்சுப் பாருங்கோ.

கன்னியா வெந்நீரூத்து ஏழு கிணறும் ஆராவது சொல்லுவினம் எண்டு நினைச்சன், ஒவ்வொரு கிணறும் ஒவ்வொரு சூடு, விளையாட்டுக்கு நல்ல மேப்தான். ஆனா இராவணன் தாய்க்குக் கிரியை செய்யத் தோண்டினது எண்ட கதை உள்ள இடம், இப்பவும் சனம் செத்த ஆக்களுக்குக் கிரியை செய்ய அங்க வருது. அந்த இடத்தில குடலை வீச எனக்கு மனம் வராது. கோணேசர் மலையும் அப்பிடித்தான்.


உப்புவெளி_டிஎம்

அக்கா, தாங்கி சூப்பர். நான் சின்ன வயசில இருந்து பஸ்ஸில போகேக்க பாக்கிற சாமான், மூளைக்குள்ள வரவே இல்ல பாருங்கோ. கன்னியா தொடமாட்டன், அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விடமாட்டா.

எல்லாத்தையும் சேத்து இரவு இருந்து எழுதினன், இப்ப ஆள் இப்பிடி:

தூரத்தில இருந்து பாத்தா சாதாரண மனுசன், உயரம் மட்டும் கூட, சாரம் கட்டியிருக்கிறான், முதுகு காட்டிக்கொண்டு நிக்கிறான். திரும்பினா முகமும் அவன்ர முகம்தான், அதில ஒண்டும் மாறேல்ல, மீசையும் கிடக்கு. ஆனா தாடை நெஞ்சு வரைக்கும் கீழ தொங்குது, பூட்டு இல்ல. வயிறு மடி, தோலே வலையாப் போச்சு, கண்ணிக்குக் கண்ணி ஓட்டை, அந்த ஓட்டையளுக்குள்ளால உள்ளுக்க அம்பிட்டது தெரியுது, மீன், ஒரு நாய், ஒரு செருப்பு, பிறகு ஒரு மனுசக் கை உள்ளுக்க இருந்து கண்ணியைப் பிடிச்சுக்கொண்டு. விலா எலும்பு ஒவ்வொண்டும் வெளிய வளைஞ்சு மிதவையா நிக்குது. ரெண்டு கை இருக்கு, விரல் இல்ல, மணிக்கட்டுக்கு அங்கால கயிறு, நல்ல தும்புக் கயிறு, அது அவன்ர நரம்பு.

கயித்தின்ர மற்ற நுனியில ஆக்கள். நானா கேட்டதுக்குப் பிறகு நித்திரை வரேல்ல. விட்டிட்டுப் போன ஆக்களை அவன் தேடிப் பிடிச்சிட்டான், இந்தப் பக்கம் ரெண்டு பேர் அந்தப் பக்கம் ரெண்டு பேர், உள்ளங்கையோட கயிறு ஒட்டிப்போச்சு, கண் திறந்திருக்கு, இழுத்துக்கொண்டே இருக்கினம். சட்டம்பி ஐயா சொன்ன சின்னதுகள் நாலு இதுதான். வாயால குடல் வலையை வீசுவான், அவையள் இழுப்பினம். ஒரு பக்கத்தில ரெண்டு பேரையும் கயித்தில இருந்து வெட்டி விட்டா வலை கோணும், இழுவை 25 அடியில இருந்து 10 அடியாக் குறையும். ரெண்டு பக்கமும் போனா இழுக்கேலாது.

வலை வெளிய இருக்கேக்க வயிறு வெறுமை, அந்த ஒரு ரவுண்டுக்கு ஆர்மர் கிளாஸ் 15ல இருந்து 12. வலைக்கு ஆர்மர் கிளாஸ் 12, ஹிட் பொயின்ட் 15, வெட்டினா உடம்புக்கு டமேஜ் இல்ல, ரெண்டு ரவுண்டில புதுசு வளரும். பிடிபட்ட ஆள் ரெஸ்ட்ரெயின்ட் (கட்டுண்ட நிலை), அதால அவன் நிக்கிற இடத்தில விசார்ட் பயர்போல் போட்டா அவனுக்கு டெக்ஸ் சேவ் (விலகித் தப்புற உருட்டல்) டிஸ்அட்வான்டேஜ்ல, ரெண்டு தரம் உருட்டி குறைஞ்சதை எடுக்கிற மாதிரி, வரும், இதை நான் சொல்ல மாட்டன், போடட்டும்.

ரெண்டு சந்தேகம். இழுக்கிற நாலு பேரையும் பெடியள் கொன்டா என்ன செய்யிறது, அவையள் அப்பாவிகள். மற்றது ரிமூவ் கர்ஸ்.


கணக்குச்சட்டம்பி

ஐயா எண்டு கூப்பிட்டு என்னைக் கிழவனாக்காதையும். கணக்குச் சரி. வெறுமையா இருக்கேக்க 12 எண்டது நல்ல யோசினை, பைட்டர் கண்டுபிடிச்சா வலையை வெட்டாம விட்டு வயித்துக்குப் போவான், அதுக்கு ஒருத்தன் வலைக்குள்ள கிடந்து தாங்கோணும், மேசையில சண்டை வரும், வரட்டும். வலை 15 ஹிட் பொயின்ட் கொஞ்சம் குறைவு, உம்மட பைட்டர் ஒரு ரவுண்டில வெட்டிடுவான், 20 ஆக்கும்.

அப்பாவிகள் விசயத்தில, 2014 ரூல்ஸில கைக்கெட்டின தூரத்தில கடைசி அடி அடிக்கிற ஆள் கொல்லாம மயக்கலாம் எண்டு இருக்கு, அம்புக்கும் பயர்போல் மாதிரி ஸ்பெல்லுக்கும் அது இல்ல. அதை முதல்லயே ஞாபகப்படுத்தும். அதுக்குப் பிறகும் விசார்ட் நெருப்பைப் போட்டா அது அவன்ர பாடு, ஊருக்குத் திரும்பிப் போய் அவையளின்ர பெண்டுகளுக்குச் சொல்லட்டும்.

ஹோல்ட் பேர்சன், ஆளை அசையாம நிப்பாட்டுற ஸ்பெல், அதைப் பத்தியும் யோசியும். அது மனுச வகைக்கு மட்டும்தான் வேலை செய்யும். ஸ்டாட் புளொக்கில வகை மொன்ஸ்ட்ரொசிட்டி எண்டு எழுதினா சம்மாட்டியில அது வேலை செய்யாது, இழுக்கிற ஆக்களில வேலை செய்யும். நான் எண்டா இன்னொரு வரி சேப்பன், அவன்ர பேரை ஆராவது கூப்பிட்டா அடுத்த தன்ர டேர்ன் முடியிற வரைக்கும் வகை மனுசன். பேரைத் தெரிஞ்சுகொள்ள ஊருக்குள்ள விசாரிச்சிருக்கோணும், மூதூர்க்காரர் சொன்னபடி டைஸ் உருட்ட மட்டும் வந்தவைக்கு அது கிடைக்காது.


மூதூர்_ட்ரூயிட்

இப்ப எனக்குக் குத்துறீர் என்ன. சரி, அந்தப் பேர் விசயம் நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கொள்ளுறன். ஆனா ஒரு டேர்னுக்கு மேல விடாதேங்கோ, இல்லாட்டி நாலு பேரும் நிண்டு பேரையே கத்திக்கொண்டு இருப்பாங்கள்.


கிண்ணியா_ரேஞ்சர்

அம்பாப் பாட்டு மறந்திராதீங்க. கயிறு இழுக்கிற ஆக்கள் பாட்டுப் படிச்சுத்தான் இழுப்பாங்க, ஒருத்தர் எடுத்துக் குடுக்க மத்தவங்க "ஏலேலோ" எண்டு சேருவாங்க, எல்லாரும் ஒரே நேரத்தில பலம் போடோணுமே. உங்கட நாலு பேரும் தொண்டை கிழிஞ்ச குரல்ல அதைப் படிக்கட்டும். இழுவை எப்ப வரும் எண்டு பெடியளுக்குப் பாட்டுலயே விளங்கும், "ஏலேலோ" வந்தா அடுத்து வலை இழுபடும். பார்ட்டியில பார்ட் எண்ட பாட்டுக்காரன் இல்லாதது நட்டம், இருந்தா தாளத்தக் குழப்பியிருப்பான்.


நிலாவெளி_பார்ட்

நானா, அதை நான் களவெடுக்கிறன் என்ர கதைக்கு, குறை நினைக்காதேங்கோ.


பழையடைஸ்

ரிமூவ் கர்ஸுக்கு என்ர மறுமொழி: வேலை செய்யட்டும். தம்பி, விளையாடுற ஆளிட்ட ஒரு ஸ்பெல் இருக்கு, அதுக்கெண்டே எழுதின பிரச்சினை வந்திருக்கு, அந்த நேரம் பாத்து டிஎம் "இல்ல இது வேற மாதிரிச் சாபம்" எண்டு சொன்னா அடுத்த முறை அவன் அந்த ஸ்பெல்லை எடுக்கவே மாட்டான். ஆனா அதுக்கு ஆளைத் தொடோணும். எங்க தொடுறது? வெளித்தோல் எல்லாம் வலை, வலை கேட்டுத்தான் வாங்கினவன், அது அவன்ர ஆசை, சாபம் அதில இல்ல. மனுசன் மிச்சம் இருக்கிறது முகத்திலயும் மடிக்கு உள்ளுக்கயும்தான். முகம் பத்தடி உயரத்தில, தாடை தொங்குது. மற்ற வழி, கிளெரிக் தானா வலைக்குள்ள பிடிபட்டு உள்ளுக்க போய், அசிட் 3டி6 வாங்கிக்கொண்டு, அங்கயிருந்து தொடுறது. ஸ்லொட்டும் மிச்சம் இருக்கோணும், ஹிட் பொயின்ட்டும் மிச்சம் இருக்கோணும். அந்த ஸ்பெல்லுக்கு வாயும் கையும் அசையோணும், உள்ளுக்க மூச்சு எடுக்கேலாது எண்டு மட்டும் வைக்காதை, பிறகு அது தண்டனையாப் போயிடும்.


உப்புவெளி_டிஎம்

கிளெரிக் விளையாடுறவன் உள்ளுக்க போவான், அவனைத் தெரியும், கேக்கவே மாட்டான். அப்ப தொட்ட உடன என்ன நடக்கும்? மடி கிழிஞ்சு எல்லாம் வெளிய வருமா, அந்த நாய் உட்பட?


பழையடைஸ்

நாய் உயிரோட வரட்டும். மனுசனைப் பத்தி எனக்கு நிச்சயமில்ல, வயிறு முழுக்க வலையா இருந்தவன் திரும்ப வயிறாகேக்க குடல் எங்க கிடக்கு எண்டதைப் பொறுத்தது. கிளெரிக் தொடேக்க வலை வெளிய வீசிக் கிடந்தா ஆள் முடிஞ்சுது. உள்ளுக்க இருந்தா பிழைப்பான், கடனோட. இதைக் கிளெரிக்கிட்ட முதல்ல சொல்லாதை, ஆனா மெடிசின் செக் (வைத்திய அறிவைப் பாக்கிற உருட்டல்) 15க்கு மேல உருட்டினா சொல்லு.


சும்மா_ரோக்

நான் ஒண்டும் வாசிக்கேல்ல. சும்மா கேக்கிறன், அம்பாப் பாட்டு ஆருக்காவது முழுசாத் தெரியுமா


உப்புவெளி_டிஎம்

உனக்கு ஆர்மர் கிளாஸ் 12 எண்டதும் தெரியும்தானே இப்ப. சரி, 13 ஆக்கிறன்.